கார்த் என்றால் அட்டை, கார்த் என்றால் வரைபடம்



பொங்கலுக்குப் பேத்தி பிள்ளையார்பாளையம் வந்திருந்தாள். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் புராடக்ட் மேனேஜர் வேலை. மருத்துவமனை முன்பதிவுக்கு ஒரு செயலி செய்கிறார்களாம். "தாத்தா, ஸ்டோரி மேப் போட எந்த டூல் வாங்கலாம்னு என்னைத்தான் முடிவு பண்ணச் சொல்லிட்டாங்க. ஆபீஸ்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றாள்.

அது என்ன என்று கேட்டேன். ஜெஃப் பேட்டன் என்ற அமெரிக்கர் 2014-இல் புத்தகமாக எழுதிய முறை. நோயாளி செய்வதை இடமிருந்து வலமாக வரிசைப்படுத்த வேண்டும்: நேரம் பார்ப்பது, பதிவு செய்வது, பணம் கட்டுவது, டாக்டரைப் பார்ப்பது. ஒவ்வொன்றின் கீழும் சின்னச் சின்ன வேலைகளைச் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். அவசரமானது மேலே, பிறகு பார்க்கலாம் என்பது கீழே. குறுக்கே ஒரு கோடு போட்டால், அதற்கு மேலே இருப்பதுதான் முதல் வெளியீடு. முன்பு சுவரில் ஒட்டினார்கள். இப்போது ஆட்கள் ஊருக்கொருவராக இருப்பதால் எல்லாம் கணினித் திரையில்.

எனக்குப் புதுச்சேரிப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. பிரெஞ்சில் சீட்டுக்கட்டின் சீட்டும் 'கார்த்', சுவரில் தொங்கும் தேசப்படமும் 'கார்த்'. சீட்டுகளால் ஆன வரைபடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

லியோன் நகரப் பட்டு நெசவிலும் இந்தச் சொல் உண்டு. ஓவியர் வரைந்த பூவைக் கட்டம் போட்ட தாளில், ஒரு கட்டத்துக்கு ஓர் இழைச் சந்திப்பு என்ற கணக்கில் மாற்றி எழுதுவதற்கு 'மீஸ் ஆன் கார்த்' என்று பெயர். அந்தத் தாளைப் பார்த்துத்தான் அட்டையில் துளை போடுவார்கள். 1725-இல் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளைத் தறியில் பொருத்தினார். ஃபால்கோன் அதை அட்டைகளாக்கினார். ஜக்கார் 1804-இல் முழுமையான இயந்திரமாக்கினார். துளை இருந்தால் கொக்கி பாவு இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. இதே அட்டையைத்தான் பாபேஜ் தம் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொள்ள நினைத்தார். ஆக, பேத்தியின் கணினிக்குத் தறி ஒரு வகையில் பாட்டி முறை.

காஞ்சிபுரத்தில் ஜக்கார்டுப் பெட்டி வருமுன் 'அடை' இருந்தது. கரையின் வடிவத்தை நூல்களாகத் தறியிலேயே கட்டிவைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு பையன் முறைப்படி இழுத்துக் கொடுப்பான். பெட்டி வந்தபின் அந்தப் பையனுக்கு வேலை போனது. வடிவம் கிராப் தாளுக்கும் அட்டைக்கும் இடம் மாறியது. இப்போது டிசைனைக் கணினியிலேயே வரைகிறார்கள். சில தறிகளில் அட்டையே கிடையாது.

இந்த மாற்றத்தில் ஒன்று தவறிப்போனதை என் மைத்துனர் வீட்டில் பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன் அவர் தறிக்குக் கணினியில் வரைந்த புது முந்தி டிசைன் வந்தது. பெரிய யானை. திரையில் அழகாகத்தான் இருந்திருக்கும். யானையின் வயிறு முழுக்க ஜரிகை. இடையிடையே அதைப் பிடித்துக்கொள்ளும் கட்டுப் புள்ளிகள் போதவில்லை. ஒரு சாண் நெய்ததுமே ஜரிகை தொங்கியது. மோதிரம் பட்டால் இழுத்துக்கொண்டு வந்துவிடும். அட்டையைத் திருத்தி அடித்து வர 12 நாள். தறி நின்றால் கூலி இல்லை. அந்த மாதப் பள்ளிக் கட்டணத்துக்கு அவர் மனைவியின் வளையல் அடகுக்குப் போனது.

"கிராப் தாளை முன்னாடியே காட்டியிருந்தா, நானே பென்சில்ல புள்ளி வெச்சிருப்பேன் மாமா. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற படத்துல எங்க போய் வைக்கிறது?" என்றார்.

இதைப் பேத்தியிடம் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "உங்க செயலியை தினமும் யாரும்மா வெச்சு அல்லாடப்போறாங்க?"

"ரிசப்ஷன்ல இருக்கிறவங்க."

"அவங்க அந்த மேப்பைப் பார்த்தாங்களா?"

"அவங்களுக்கு லாகின் கிடையாது தாத்தா. ஆளுக்கு ஆள் தனிக் கட்டணம்."

அவள் முன் இருந்தவை இரண்டு. ஒன்று, அலுவலக வேலைப் பட்டியலோடு சேர்ந்தே வருவது. சீட்டு நேரே வேலையாகப் பதிவாகும், ஆனால் உள்ளே நுழையச் சிலருக்குத்தான் அனுமதி. மற்றது வெறும் வெள்ளைப் பலகை போன்றது. இணைப்பு அனுப்பினால் யாரும் வந்து சீட்டு ஒட்டலாம், ஆனால் எல்லாவற்றையும் பட்டியலில் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். கிராப்பிலிருந்து அட்டைக்கு மாற்றும்போது பிழை நுழைவது போல இங்கேயும் நுழையும் என்பதால் முதல் கட்சியையும் தள்ளிவிட முடியாது.

நான் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன், டூல் பெயர் சொல்லும் தகுதி எனக்கில்லை. "ரிசப்ஷன் பொண்ணு ஒருத்தியைப் பக்கத்துல உட்கார வெச்சு, ரெண்டுலயும் ஒரு சீட்டை நகர்த்தச் சொல்லிப் பாரு. அவ கை எதுல ஓடுதோ, அதுல இருந்து ஆரம்பி" என்று மட்டும் சொன்னேன்.

நேற்று அலைபேசியில் பேசினாள். வெள்ளைப் பலகையில் அந்தப் பெண் முதலில் ஒட்டிய சீட்டு: 'கைபேசி இல்லாமல் வரும் வயதானவர்கள்'. மேப்பில் அதுவரை அப்படி ஒரு சீட்டே இல்லையாம். இப்போது அது கோட்டுக்கு மேலே போயிருக்கிறது.

அடைத் தறியில் சிறுவயதில் நூல் இழுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். அதைப் பற்றித் தனியாக ஒரு பதிவு போட ஆசை.