வீரநாராயணபுரத்து அடுப்படிகள்

காட்டுமன்னார்கோயில் என இன்று வழங்கும் வீரநாராயணபுரத்தில் நாதமுனிகளின் பேரராய்ப் பிறந்து, இளம்பருவத்திலேயே சோழன் அவையில் ஆக்கியாழ்வான் என்னும் வித்வானை வாதில் வென்று, பாதி இராஜ்யத்தைப் பரிசாகப் பெற்று, அரச போகத்தில் ஆழ்ந்து தம் குலதனத்தையே மறந்திருந்த ஆளவந்தாரைத் திரும்பவும் வைஷ்ணவ தரிசனத்தின் பக்கம் இழுத்தது யாதென்று கேட்டால், குருபரம்பரை நூல்கள் தரும் விடை தர்க்கமும் அன்று, உபதேசமும் அன்று. தூதுவளைக் கீரை என்பதே.

வைஷ்ணவ ஆசாரியரான மணக்கால் நம்பி வாயிற்காவலரைக் கடந்து அவரைக் காண வழியில்லாமல், மடைப்பள்ளியில் இருந்தோரை விசாரித்து, பிரபுவுக்குத் தூதுவளையில் பிரியம் உண்டென்று அறிந்து, ஆறு மாத காலம் நாள் தவறாமல் அதனைப் பறித்துக் கொணர்ந்து கொடுத்தார் என்றும், பிறகு சில நாள் வேண்டுமென்றே நின்றுவிட்டார் என்றும், இலையில் கீரை இல்லாமை கண்டு ஆளவந்தார் காரணம் கேட்கவே, யாரோ ஒரு பெரியவர் கொண்டுவந்துகொண்டிருந்தார், இப்போது வரக்காணோம் என்று பரிசாரகர் சொன்னார்கள் என்றும் அக்கதை விரிகிறது. அடுத்த முறை நம்பி வந்தபோது அவரை உள்ளே அழைத்து ஆசனத்தில் இருத்தி, பொன் வேண்டுமா பூமி வேண்டுமா என்று ஆளவந்தார் கேட்க, உம்முடைய முன்னோர் தேடிவைத்த நிதி என்னிடம் இருக்கிறது, அதனை உம்மிடம் ஒப்படைக்கவே வந்தேன் என்றாராம் நம்பி. பிறகு கீதை உபதேசமும் திருவரங்க யாத்திரையும் துறவும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தேறின.

சம்பிரதாயப் பெரியோர் இக்கதையில் ஆசாரியனுடைய கிருபையைக் காண்பர். அடுப்படியின் சரித்திரத்தை ஆராயப் புகுந்த நமக்கோ வேறோர் அம்சம் முக்கியமாகிறது. தூதுவளை பாத்தி கட்டிப் பயிராக்கும் கீரையன்று. வேலியில் தானே படர்ந்து, ஊதாப் பூப் பூத்து, தண்டிலும் இலையிலும் முள் தாங்கி நிற்பது. முள்ளை ஆய்ந்து, நெய்யில் வதக்கித் துவையலாக அரைப்பதற்கும், மிளகு சேர்த்து ரசம் வைப்பதற்கும் ஆகுமே ஒழிய, விலைபொருந்திய பண்டம் அன்று. கபத்தை அறுக்கும், அறிவைத் தெளிவிக்கும் என்னும் வைத்தியப் பிரசித்தி ஒன்றே அதற்குண்டு. பாதி இராஜ்யம் ஆண்டவருடைய இலையில் வேலியோரத்துக் கொடி இடம்பெற்றதும், அது நின்றவுடன் அவர் நா அதனைத் தேடியதும், அக்காலத்துப் பெரிய இடத்துப் போஜனம் இன்னதென்பதை எத்தனையோ சாசனங்களைவிட நன்றாகத் தெரிவிக்கின்றன.

இனி ஊரின் அமைப்பைச் சிறிது கூறவேண்டும். கி.பி. 907 முதல் 955 வரை ஆண்ட முதற் பராந்தக சோழனுக்கு வீரநாராயணன் என்பது விருதுப்பெயர். அப்பெயரால் அமைந்த சதுர்வேதிமங்கலமும், இன்று வீராணம் என்று குறுகிவிட்ட பேரேரியும் ஒரே காலத்தவை. 949இல் தக்கோலப் போரில் யானைமேல் உயிர்நீத்த இளவரசன் இராசாதித்தன், வடவெல்லையில் படையுடன் தங்கியிருந்த நாளில் அப்படைவீரரைக் கொண்டே ஏரியை வெட்டுவித்தான் என்பது கர்ணபரம்பரை. ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் அந்நீர்நிலைக்குக் கொள்ளிடத்து வெள்ளம் வடவாற்றின் வழியே வருகிறது. 1836இல் அணைக்கரையில் கீழணை கட்டப்பட்ட பின்னர் அவ்வரவு ஓரளவு உறுதிப்பட்டது. கல்கியின் பொன்னியின் செல்வன் இந்தக் கரையில் ஓர் ஆடிப்பெருக்கு நாளில் தொடங்குவதும், குடும்பங்கள் கூட்டாஞ்சோறும் சித்திரான்னமும் கொண்டுவந்து கரையில் அமர்ந்து உண்பதாக அதில் வருவதும் வாசகர் அறிந்தவையே.

ஏரி, அதன் மதகு, மதகின் கீழ் வயல், வயலின் நெல், அந்நெல்லை ஏற்கும் பானை ஆகிய யாவும் ஒரே சபையின் பார்வையில் இருந்தன என்பதே இவ்வூரின் விசேஷம். சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுகளைப் படிப்போர், இன்ன நிலத்தின் விளைவிலிருந்து இத்தனை நாழி அரிசி, இத்தனை நெய், தயிர், வாழைப்பழம், அடைக்காய், வெற்றிலை, விறகு என்று ஒரு வேளை அமுதுக்கு வேண்டியதெல்லாம் அளவிட்டு வெட்டப்பட்டிருப்பதைக் காண்பர். இன்ன வயல் இன்ன அடுப்புக்கு என்பது அங்கே ருசியைப் பற்றிய பேச்சன்று. சூரியசந்திரர் உள்ளளவும் செல்லவேண்டிய சட்டம்.

இதற்கு இவ்வூரிலேயே விநோதமான ஒரு சாட்சி உண்டு. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு, இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளான சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரையும் அவர்தம் உறவினரையும் சார்ந்த உடைமைகளைக் கைப்பற்றி விற்கும்படி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் விடுத்த ஆணையைச் சொல்கிறது. கொலை செய்தது யார், செய்வித்தது யார் என்று அறிஞர்கள் அதனைத் துருவித் துருவி வாதிட்டு ஏடுகள் பல நிரப்பிவிட்டார்கள். ஆனால் அச்சாசனம் பிறந்தது கொலையைப் பதிவுசெய்வதற்காக அன்று. அந்நிலத்தில் ஒரு பகுதியை ஒருவர் விலைக்கு வாங்கி, பிராமணர் உண்பதற்கும் தண்ணீர் வைப்பதற்கும் தர்மமாக விட்டதைப் பதிவுசெய்வதற்காக. இளவரசனைக் கொன்றவர்களுடைய வயல் சோறாகி இலையில் விழுந்தது. அந்தச் சோற்றுக் கணக்கினால்தான் அவர்கள் பெயரும் நமக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டின் இராஜாங்க சரித்திரத்தில் பாதியைச் சமையற் கணக்கென்றே சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம்.

பாகமுறையைப் பற்றிச் சொல்வதானால் சிதம்பரத்துக்குப் போகவேண்டும். நடராஜர் சந்நிதியோடு சேர்த்துப் பேசப்படுவது சம்பா சாதமும் கத்திரிக்காய்க் கொத்சும். சாதம் எளிமையானது: சம்பா அரிசியைப் பொலபொலவென வடித்து, வறுத்துப் பொடித்த மிளகும் சீரகமும் தூவி, உருக்கிய நெய்யில் புரட்டுவது. கொத்சுவுக்குக் கத்திரிக்காயை வதக்கியோ சுட்டோ மசித்து, புளிக்கரைசலில் கொதிக்கவிட்டு, தனியாவும் மிளகாயும் வறுத்துப் பொடித்துப் போட்டு, நல்லெண்ணெய் மேலே மிதக்க இறக்குவர். வீடுகளில் சின்ன வெங்காயமும் சேரும். இரண்டும் கூத்தப்பிரான் காலத்தவை என்று சொல்வோர் உண்டு. சாதத்தில் காரத்துக்கு மிளகு மட்டுமே நிற்பதால் அதன் பழமையை ஒப்பலாம். போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின்பே நம் நாட்டுக்கு வந்த மிளகாயைச் சுமந்து நிற்கும் கொத்சுவுக்கு, பக்தர்கள் மன்னிப்பார்களாக, அத்தனை வயது கொடுப்பதற்கில்லை.

பழைய சமையலின் உயிர் பக்குவத்தில் இருந்தது. அறுத்த நெல்லை உடனே உலையில் இடமாட்டார்கள். குதிரிலும் பத்தாயத்திலும் ஓராண்டேனும் கிடந்து பழகிய நெல்லே விருந்துக்கு ஆகும். அதனை உரலில் உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, நொய்யைக் கஞ்சிக்கும் தவிட்டை மாட்டுக்கும் உமியை அடுப்புக்கும் பிரித்தார்கள். மண்பானை மெல்லச் சூடேறி மெல்லவே ஆறும். கல்சட்டியில் வைத்த குழம்பு இறக்கிய பின்னும் வெகுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும். ஈயச்சொம்பு அடியில் ரசம் இல்லாமல் அடுப்பேறினால் உருகியே போகும். காடற்ற நஞ்சை நாட்டில் விறகு அருமையானபடியால், தென்னம்பாளையும் பனைமட்டையும் வரட்டியும் எரிந்தன. கடலூர்க் கரையோரத்துச் சவுக்கு பின்னால் வந்தது. அந்த விறகின் அருமையைத்தான் சேந்தனார் கதையும் சொல்கிறது. மழையில் நனைந்த விறகு விலைபோகாமையால் அரிசி வாங்க வகையின்றி, வீட்டில் இருந்த மாவைக் களியாகக் கிண்டி அவர் அடியவருக்கு இட்டார் என்றும், மறுநாள் தில்லைச் சந்நிதியில் அக்களி சிதறிக் கிடந்தது என்றும் ஐதிகம். மார்கழித் திருவாதிரையன்று வெல்லம் சேர்த்த களியும், பல காய் போட்ட குழம்பும் வீடுதோறும் ஆவது அதன் ஞாபகமாகவே.

இவ்வளவும் சொல்லி, அந்த இலையின் முன் அமர்ந்தவர் யார் என்பதைச் சொல்லாது விடுவது நேர்மையாகாது. குருபரம்பரையே இதற்கு இடம் தருகிறது. நாதமுனிகள் தம் தேவியாரான அரவிந்தப்பாவையைப் பிறந்தகமான வங்கிபுரத்தாச்சி இல்லத்துக்கு அனுப்பியபோது துணைக்குச் சென்ற சீடருக்கு, அவர் சோழியர் என்னும் வேற்றுமையால், அவ்வீட்டார் பழையதையே இட்டார்கள். அவரோ அதனைப் பிரசாதமாக ஏற்று மகிழ்ந்தார். அதைக் கேட்டு உருகிய ஆசாரியர் அவருக்கு உய்யக்கொண்டார் என்னும் திருநாமம் சூட்டினார். பிராமணருக்குள்ளேயே இவ்வளவு பேதம் என்றால், சேற்றில் நின்று நாற்று நட்டவர்களின் கதி என்ன? கொள்ளிட நீர் பாயும் ஆதனூரில் பிறந்த நந்தனார் கோயில்களின் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்தவர், கோயிலுக்குள் புகமுடியாதவர். சேக்கிழார் பாடாத வேதியப் பண்ணையார் ஒருவரைப் படைத்து, நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்தால்தான் தில்லைக்கு விடை என்று அவர் வாயால் சொல்லவைத்த கோபாலகிருஷ்ண பாரதியார், 19ஆம் நூற்றாண்டின் வயற்காட்டைக் கண்ணால் கண்டு எழுதியவர்.

அவ்வயற்காட்டு மக்களுக்கும் ஒரு பாகசாஸ்திரம் இருந்தது. அதனை எந்தக் கல்லிலும் வெட்டவில்லை. வரப்பு நண்டு, சேற்று நத்தை, ஏரியில் பிடித்த விராலும் கெளுத்தியும், மறுநாள் ருசி கூடும் மண்சட்டி மீன்குழம்பு, நீரூற்றிய பழைய சோறு, பக்கத்தில் ஒரு சின்ன வெங்காயம். நிலத்துக்கும் வாய்க்கும் உள்ள தூரம் மிகக் குறைந்திருந்தது அவர்களிடந்தான். ஆயினும் நல்ல சம்பா அவர்கள் கைவழியே களஞ்சியத்துக்குப் போயிற்று.

குலம் பார்த்துச் சோறிடும் வழக்கத்தை உடைத்த அடுப்பு இதே வட்டாரத்தில் மூட்டப்பட்டது. சிதம்பரத்துக்கு அண்மையிலுள்ள மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகள், 1867 மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, பசித்து வந்தவர் எவராயினும் ஜாதி கேளாமல் சோறிட ஏற்பாடு செய்தார். 21 அடி நீளமுள்ள அந்த அடுப்பு அன்று முதல் அணையாமல் விறகிலேயே எரிந்துவருகிறது.

பழைய நெல் மறைந்த கதையைச் சுருக்கியே சொல்லலாம். 1960களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 போன்ற புதிய ரகங்கள் உரத்தோடும் மருந்தோடும் வந்தன; விளைச்சல் பெருகியது, பஞ்சபயம் நீங்கியது; அதனைக் குறைகூறுவது வயிறு நிறைந்தவர் பேச்சு. ஆனால் கூரைக்கும் மாட்டுக்கும் வைக்கோல் தந்த ஆளுயரச் சம்பாக்கள் வயலை விட்டுப் போயின. அவற்றைத் தேடுவோரை ஊக்கிய இயற்கை விவசாயப் பெரியவர் (1938–2013) வேளாண்மை பயின்றது சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். அவர் பெயர் நம்மாழ்வார். ஆராவமுதன்மேல் பத்துப் பாசுரம் கேட்டு, மற்றவற்றைத் தேடிக் குருகூர் சென்று நம்மாழ்வாரின் ஆயிரத்தையும் மீட்ட நாதமுனிகளின் ஊருக்கு அருகில் இப்படி ஒரு பெயர்ப்பொருத்தம் அமைந்ததை எண்ணிப் புன்னகை செய்யாதிருக்க முடியவில்லை. அவர்வழி நின்ற திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன், 2018இல் காலமாவதற்குள் 174 பாரம்பரிய ரகங்களை மீட்டார் என்பர்.

அந்நெல்தான் இப்போது நகரத்து உயர்தர உணவகங்களில் மறுபிறவி எடுத்திருக்கிறது. அமெரிக்காவில் பெர்க்லி நகரத்தில் 1971இல் அலிஸ் வாட்டர்ஸ் என்னும் அம்மையார் திறந்த ஷே பனீஸ் உணவகம், அண்டைத் தோட்டத்து விளைபொருளை அன்றன்றே சமைத்துப் பரிமாறும் நாகரிகத்துக்கு முன்னோடி என்பர். அந்தக் காற்று சென்னைக்கும் வந்து, மாப்பிள்ளைச் சம்பாவும் தூயமல்லியும், கல்சட்டிக் குழம்பும் ஈயச்சொம்பு ரசமும், தூதுவளைத் துவையலுங்கூட, குளிரூட்டிய கூடத்தில் வாழையிலைமேல் வருகின்றன. பாகம் பல இடங்களில் நன்றாகவே இருக்கிறது, பழித்தற்கு ஒன்றுமில்லை. உண்பவரின் குலம் கேட்பதும் ஒழிந்தது. பணப்பை ஒன்றே வாயிற்காவல். பழைய சபை வயலையும் அடுப்பையும் கல்வெட்டால் இணைத்தது; புதிய உணவகம் உணவுப் பட்டியலில் உழவனுடைய ஊர்ப்பெயரை அச்சிடுவதால் இணைக்கிறது. அடுத்த ஆண்டும் அவனிடமே கொள்முதல் செய்யவேண்டும் என்னும் கட்டு மட்டும் அதில் இல்லை.

அப்பட்டியலில் இடம்பெறாத பண்டம் ஒன்றும் உண்டு. 2004 முதல் வீராணத்துத் தண்ணீர் பெருங்குழாய்களின் வழியே 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடிச் சென்னையின் குடிநீரில் கலக்கிறது. ஆகையால் அந்தக் கூடங்களில் உலையேறும் சம்பா எந்த மாவட்டத்ததாயினும், அது வேகும் நீரில் ஒரு பங்கு காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்ததாக இருக்கக்கூடும். கோடையில் ஏரி வற்றி, அந்தக் குழாய்க்கு நீர் நிறுத்தப்படும் மாதங்களில் மட்டும் இல்லை.