அச்சுக்கூடம் கைமாறிய வரலாறு

தொழிலொன்றைப் புதிதாகத் தொடங்குவோன் இடத்துக்கும் கருவிகளுக்கும் விலை கொடுக்கின்றான். நடந்துவரும் தொழிலை வாங்குவோனோ அதன் பெயருக்கும் வாடிக்கைக்கும் விலை கொடுப்பதோடு, பலவேளைகளில் அதன் கடனையும் தன் தோளில் ஏற்றுக்கொள்கின்றான். கையில் முதல் இல்லாத ஒருவன் இச்சுமையை எவ்வாறு தாங்குவான்? அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளினின் வாழ்க்கை இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

1728 ஆம் ஆண்டிலே பிலடெல்பியா நகரில் பிராங்கிளினும் ஹியூ மெரடித் என்பவரும் கூட்டாக அச்சுக்கூடம் ஒன்றை நிறுவினர். தொழிலறிவு பிராங்கிளினுடையது; முதல் மெரடித்தின் தந்தையாருடையது. மறு ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், சாமுவேல் கீமர் என்பார் நடத்தி நலிந்த செய்தித்தாளையும் அவர்கள் சொற்ப விலைக்கு வாங்கினர். அப்பொழுது அதற்கிருந்த சந்தாதாரர் 90 பேருக்கு மேலில்லை. 'பென்சில்வேனியா கசற்' எனப் பிற்காலத்திற் புகழ்பெற்ற பத்திரிகை அதுவே.

இந்நிலையில் இடர் ஒன்று நேர்ந்தது. அச்சுப்பொறிக்காக மெரடித்தின் தந்தையார் 100 பவுண் கொடுத்திருந்தார். எஞ்சிய 100 பவுணை அவராற் கொடுக்க இயலவில்லை. பொறுமையிழந்த வணிகர் வழக்குத் தொடுத்தார். தீர்ப்பு எதிராயின், பொறியும் எழுத்துக்களும் பாதி விலைக்கு விற்கப்படும் என்ற அச்சம் எழுந்தது.

அவ்வேளையில் வில்லியம் கோல்மன், றொபேட் கிறேஸ் என்னும் நண்பர் இருவர், ஒருவர் வந்ததை மற்றவர் அறியாமலே, கேளாதிருக்கவும் உதவ முன்வந்தனர். தொழில் முழுவதையும் பிராங்கிளினே வாங்குவதற்கான பணத்தைத் தருவதாக ஒவ்வொருவரும் கூறினர். மதுவில் நாட்டங்கொண்ட மெரடித்தின் கூட்டை விட்டுவிட வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். பிராங்கிளின் உடனே இசைந்தாரல்லர். மெரடித் குடும்பத்தார் தம் வாக்கை நிறைவேற்றுவர் என்ற நம்பிக்கை சிறிதேனும் உள்ளவரை, பிரிவைத் தாம் முன்மொழிவது முறையன்று என்றார்.

பின்னர் மெரடித்தே விலக விரும்பினார். உழவுத் தொழிலிற் பழகிய அவர் வட கரோலினாவுக்குச் சென்று நிலம் பயிரிட எண்ணினார். கூட்டுக் கடனை ஏற்றல், தந்தையாரின் 100 பவுணைத் திருப்பிக் கொடுத்தல், தமது சில்லறைக் கடன்களைத் தீர்த்தல், 30 பவுணும் புதிய குதிரைச் சேணம் ஒன்றும் தருதல் என்பனவே அவர் கேட்ட விலை. 1730 இல் உடன்படிக்கை எழுதப்பட்டது. நண்பரிருவருள் எவர் மனமும் நோகாதவாறு, வேண்டிய தொகையிற் பாதியை ஒருவரிடமும் மறுபாதியை மற்றவரிடமும் பிராங்கிளின் பெற்றார். ஈடு வைக்க அவரிடம் நிலமும் இல்லை, வீடும் இல்லை. இரவும் பகலும் அவர் உழைத்த உழைப்பை ஊரார் அறிந்திருந்தனர். அதுவே அவருக்குப் பிணையாயிற்று.

1748 இல் பிராங்கிளின் தொழிலிலிருந்து ஓய்வு பெற விரும்பினார். தம்மிடம் பணியாற்றிய டேவிட் ஹோல் என்பாரைக் கூட்டாளியாக்கி, நிருவாகம் முழுவதையும் அவரிடம் ஒப்படைத்தார். 18 ஆண்டுகள் இலாபத்திற் பாதி பிராங்கிளினைச் சேர்ந்தது. 1766 இல் தவணை முடிந்ததும் அச்சுக்கூடம் ஹோலின் கைக்கு வந்தது. பெருந்தொகையை முன்னதாகத் தேடி அலையாமல், தொழிலை நடத்தியே அதனை உரிமையாக்கிக்கொள்ள உழைப்பாளி ஒருவருக்கு இவ்வாறு வழி பிறந்தது.

நண்பர் செய்த நன்றியைப் பிராங்கிளின் மறந்தாரல்லர். 1790 இல் அவர் மறைந்தபொழுது, பொஸ்டன், பிலடெல்பியா ஆகிய நகரங்களுக்குத் தலா 1,000 பவுண் விட்டுச் சென்றார். தொழில் பயின்று முடித்த, 25 வயதுக்குட்பட்ட, மணமான கைவினைஞருக்கு 15 பவுண் முதல் 60 பவுண் வரை கடன் வழங்குக. வட்டி நூற்றுக்கு 5. முதலை ஆண்டுக்குப் பத்திலொரு பங்காகத் திருப்புக. நன்மக்கள் இருவர் பிணை நிற்க என்பன அவர் விதித்த விதிகள். தமது வாழ்வுக்கு அடிகோலியது நண்பர் இருவரின் கடனே என்பதையும் அவர் அங்குக் குறித்திருந்தார்.

காலப்போக்கிலே தொழில் பயிலும் பழைய முறை அருகியது. அவர் கருதிய இளைஞரும் அருகினர். நிதி பெருகியது, ஆனால் அவர் வகுத்த வழியிற் கடன் கொடுப்பது குறைந்தது. விதிகள் காலத்தோடு தேய்தல் இயல்பு. எனினும் அவற்றின் உட்பொருள் தேயவில்லை: கடன் கொடுப்போன் ஆளின் உடைமையை மட்டுமன்றி உழைப்பையும் எடைபோடல் வேண்டும், கடன் பெற்று உயர்ந்தோன், தன்பின் வருவோனுக்குக் கைகொடுத்தல் வேண்டும்.