சபைக்கு முன் இருந்த சபை

நம் கோப்பன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் சலவைக்கல்லில் செதுக்கிய இரண்டு தலைகள் உள்ளன. ஒன்று மனிதனுடையது, மற்றது பாதி மனிதன், பாதி குதிரையான புராண உருவத்தினுடையது. அவற்றின் உடல்கள் லண்டனில் இருக்கின்றன. கி.மு. 447-இல் அத்தேனே பட்டணத்தில் கட்டத் தொடங்கிய பார்த்தனோன் கோயிலின் சிற்பங்கள் இவை. 1687-இல் வெனிஸ் படையின் குண்டு விழுந்து அக்கோயில் சிதைந்தது. அப்படையில் இருந்த டென்மார்க் அதிகாரி ஒருவர் மூலம் 1688-இல் இவை இங்கு வந்து சேர்ந்தன.

அந்தக் கோயிலைக் கட்டத் தீர்மானித்தது அரசன் அல்ல, குடிமக்களின் கூட்டம். அதன் பெயர் 'எக்லேசியா'. பிள்ளைகளே, இந்தச் சொல்லை நினைவில் வையுங்கள்.

பினிக்ஸ் என்ற குன்றின்மேல் அவர்கள் ஆண்டுக்குச் சுமார் 40 முறை கூடினார்கள். சில தீர்மானங்களுக்கு 6,000 பேராவது வரவேண்டும். "பேச விரும்புகிறவர் யார்?" என்று கட்டியக்காரன் கேட்பான். செருப்புத் தைப்பவரும் பேசலாம், செல்வந்தரும் பேசலாம். பிறகு கை உயர்த்தி முடிவெடுப்பார்கள்.

ஆனால் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே இடமில்லை. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் இல்லை. இவர்கள் தனி வரி கட்டினார்கள், போருக்கும் போனார்கள். நிலம் வாங்கவோ வாக்களிக்கவோ முடியாது. அங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளுக்கும் அதே நிலைதான். பேரறிஞர் அரிஸ்டாட்டிலும் அத்தேனேயில் அந்நியராகவே வாழ்ந்தார். பார்த்தனோன் அருகே எழுந்த எரெக்தியோன் கோயிலின் கணக்கு கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. அதில் குடிமகனுக்கும் குடியேறியவருக்கும் அடிமைக்கும் நாள் கூலி ஒன்றே, ஒரு திராக்மா. கூலி சமம், குரல் சமமில்லை.

டென்மார்க்கில் 1981 முதல், குடியுரிமை பெறாதவர்களும் சில ஆண்டுகள் வசித்த பின் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். நாடாளுமன்றத் தேர்தலுக்குக் குடியுரிமை வேண்டும். இந்த வேறுபாட்டை நம் பெற்றோருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

சுமார் 500 ஆண்டுகள் கழித்து, பவுல் கிரேக்க மொழியில் நிருபங்கள் எழுதினார். விசுவாசிகளின் கூட்டத்துக்கு அவர் இட்ட பெயரும் 'எக்லேசியா'. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் இஸ்ரவேலரின் கூட்டத்துக்கும் அச்சொல் வழங்கியது. எபேசுவில் கலகம் செய்த பட்டணத்தார் கூட்டத்தையும் அப்போஸ்தலர் நடபடிகள் அதே சொல்லால் குறிக்கிறது.

சொல் பழையது, உட்கார்ந்தவர்கள் புதியவர்கள். கெங்கிரேயா சபைக்கு ஊழியம் செய்த பெபேயாள் ஒரு பெண். எஜமானும் அடிமையும் ஒரே கூட்டத்தில் இருந்தார்கள். எபேசியருக்கு எழுதிய நிருபம், நீங்கள் இனி அந்நியரல்ல, ஒரே நகரத்தார் என்ற கருத்தைச் சொல்கிறது. குடியுரிமை இல்லாமல் வாழ்ந்த ஒருவரின் காதில் அது எப்படி ஒலித்திருக்கும்!

1705-இல் இதே கோப்பன்ஹேகனிலிருந்து கப்பலேறிய சீகன்பால்கு, 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். கிரேக்கத்திலிருந்து அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715-இல் அங்கே அச்சாகி முடிந்தது. இன்று நம் வேதாகமத்தில் 'எக்லேசியா' இருக்குமிடத்தில் 'சபை' என்று வாசிக்கிறோம்.

ஆண்டுவிழாவில் சபையின் வயதை எண்ணுகிறோம். நேற்று வந்து கடைசி வரிசையில் அமர்ந்தவருக்கும் இங்கே பேச இடம் உண்டா என்பதையும் சேர்த்து எண்ணுவோம்.