டிரம்பெட் இழந்ததும் பெற்றதும்

மேலை நாட்டு ஊதுகருவிகளுள் பழமையும் பெருமிதமும் ஒருங்கே வாய்ந்தது டிரம்பெட் ஆகும். இசை பயிலும் மாணவன் அதனைத் தேர்ந்தெடுக்க முனையும்போது, மூன்றினைக் கருதுமாறு ஆசிரியர் கூறுவர். நாதம் இனிதாக உள்ளதா? சுருதி பிசகாது நிற்கின்றதா? தேவாலய இசை முதல் ஜாஸ் வரை பலவற்றுக்கும் பயன்படுமா? இம்மூன்றும் ஒரே கருவியில் முழுமையாகக் கிட்டும் என நம்புவது எளிது. டிரம்பெட்டின் வரலாறோ வேறு செய்தியைச் சொல்கின்றது. ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை விட்டுக்கொடுத்தே அக்கருவி வளர்ந்து வந்துள்ளது.

பதினெட்டாம் நூற்றாண்டின் டிரம்பெட்டில் துளையும் இல்லை, வால்வும் இல்லை. இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள பித்தளைக் குழாயை வளைத்துச் செய்தது அது. ஊதுபவனின் உதடும் மூச்சுமே சுரத்தை மாற்ற வல்லவை. அவ்வாறு மாற்றினும், குழாய் தானே தரும் இயற்கைச் சுரங்கள் மட்டுமே பிறக்கும். கீழ்த் தாயியில் அவை ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் நிற்கும். எட்டாவது சுரத்துக்கு மேலேதான் அடுத்தடுத்து அமைந்து, ஒரு பாடலை இசைக்க இடம் தரும். அங்கும் ஓர் இடர் உண்டு. பதினொன்றாவது சுரம் நம் சுத்த மத்திமமும் அன்று, பிரதி மத்திமமும் அன்று. இரண்டுக்கும் நடுவே நிற்பது. பதின்மூன்றாவது சுரம் தைவதத்தைச் சற்றே எட்டாது நிற்கும். வல்ல கலைஞர் இவற்றை உதட்டால் வளைத்துச் சுருதியில் நிறுத்தினர்.

அத்தகையோருள் தலையாயவர் லைப்சிக் நகரத்துக் கொட்ஃபிரீட் ரைக்கே. பாக்கின் கடினமான டிரம்பெட் பகுதிகள் பலவும் அவரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை என்பர். 1734-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் இரவு, அரசர் முன்னிலையில் திறந்த வெளியில் பாக்கின் இசை நிகழ்ந்தது. மறுநாள் ரைக்கே வீதியில் விழுந்து இறந்தார். முன்னிரவு ஊதிய உழைப்பும் தீவட்டிப் புகையும் காரணம் என அக்கால நகரக் குறிப்பு கூறுகின்றது. அக்கருவியின் ஒளிமிக்க நாதம் எவ்வளவு உடலுழைப்பை வேண்டியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இந்தத் தளையை அறுக்க முனைந்தவர் வியன்னா அரசவைக் கலைஞர் அன்டன் வைடிங்கர். குழாயில் துளைகளிட்டு, அவற்றை விரலால் திறந்து மூடத்தக்க மூடிகளைப் பொருத்தினார் அவர். அக்கருவிக்கென 1796-இல் ஜோசப் ஹைடன் ஒரு கான்செர்ட்டோ இயற்றினார். அது மேடையேற நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1800-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாளன்று வியன்னாவில் வைடிங்கர் அதனை வாசித்தார்.

ஹைடனின் குறும்பு ஈண்டுக் கருதத்தக்கது. தொடக்கத்தில் வாத்தியக் குழு இசைக்கையில், டிரம்பெட்டுக்குப் பழைய கருவியும் ஊதத்தக்க ஓரிரு சுரங்களையே அவர் தருகின்றார். கேட்போர் புதுமை ஏதுமில்லை என எண்ணியிருப்பர். பின்னர்த் தனித்து ஒலிக்கும் முதல் அடியிலேயே, கீழ்த் தாயியில் மூன்று சுரங்கள் படிப்படியாக ஏறுகின்றன. அவற்றுள் நடுச்சுரம் எந்தப் பழைய டிரம்பெட்டிலும் இல்லாதது!

எனினும் வெற்றி நிலைக்கவில்லை. திறந்த துளையின்வழிப் பிறந்த சுரம் மங்கலாகவும், மூடிய குழாயின் சுரம் பளிச்செனவும் ஒலித்தன. ஒரே பாட்டில் இரண்டு குரல்கள் பேசுவது போன்ற நிலை அது. எல்லாச் சுரங்களும் கிட்டின. நாதத்தின் ஒருமை போயிற்று. 1840 அளவில் அக்கருவி வழக்கொழிந்தது. ஹைடனின் படைப்பு மட்டும், நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்து, இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் புகழ்பெற்றது.

வழக்கொழியக் காரணம் வால்வு. ஸ்டோல்ட்செல், புளூமெல் என்னும் இருவர் 1818-இல் பெர்லினில் அதற்கு உரிமம் பெற்றனர். 1839-இல் பாரிசில் பெரினே அமைத்த உருளை வடிவ வால்வே இன்றைய பெரும்பாலான டிரம்பெட்டுகளின் முன்னோடி. துளையிடாது, குழாயின் நீளத்தைக் கூட்டிச் சுரத்தை இறக்கும் முறை இது. நாதத்தின் ஒருமை மீண்டது. ஆனால் இம்முறை சுருதி விலையாயிற்று.

கணக்கு எளிதே. பி பிளாட் டிரம்பெட்டின் குழாய் ஏறத்தாழ 148 செ.மீ. முதல் வால்வு 18 செ.மீ. கூட்டி முழுச்சுரம் இறக்கும்; மூன்றாவது 28 செ.மீ. கூட்டி ஒன்றரைச் சுரம் இறக்கும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் 46 செ.மீ. கிட்டும். இரண்டரைச் சுரம் இறங்குவதற்கோ 49 செ.மீ.க்கும் மேல் வேண்டும். குழாய் நீள நீள ஒவ்வொரு படிக்கும் கூடுதல் நீளம் தேவைப்படுவதே காரணம். குறைந்த நீளத்தால் சுரம் ஏறி ஒலிக்கும். மூன்றாம் வால்வின் குழாயில் உள்ள வளையத்தில் இடக்கை விரலை இட்டு வெளியே தள்ளுவதன் நோக்கம் இக்குறையை ஈடு செய்தலே. கருவி தேரும் மாணவர் பெரும்பாலோர் ஒளியையும் விலையையும் பார்க்கின்றனர். இக்குழாய் வழுக்கி ஓடுகின்றதா எனப் பார்ப்பவர் சிலரே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் வாத்தியக் குழுக்களில் எஃப் சுருதியில் அமைந்த நீண்ட டிரம்பெட் ஆட்சி செய்தது. அதன் நாதம் கம்பீரமானது. ஆனால் நீண்ட குழாயில் மேல் தாயிச் சுரங்கள் நெருங்கி நிற்பதால், குறி தவறுவது எளிது. கலைஞர்கள் மெல்ல மெல்லக் குட்டையான பி பிளாட், சி கருவிகளுக்கு மாறினர். பழைய பெருமிதம் போயிற்றே என வருந்தியோரும் உளர். அவர்கள் வருத்தம் நியாயமானதே. 1884-இல் ஐசெனாக்கிலும் 1885-இல் லண்டனிலும் ஜூலியஸ் கோஸ்லெக் பாக்கின் இசையை நேரான நெடுங்குழாயில் வாசித்தபோது, பாக் காலத்துக் கருவியே மீண்டது எனப் பலர் மகிழ்ந்தனர். அதிலும் இரண்டு வால்வுகள் இருந்தன.

இத்துணை மாற்றங்களுக்குப் பின்னும் மேலை இசையின் பன்னிரு சுரங்களையே டிரம்பெட் தந்தது. அராபிய இசையின் கால்சுரங்களுக்கு அதில் இடமில்லை. பாரிசில் பயின்ற லெபனான் கலைஞர் நசீம் மாலூஃப், 1960களில் நான்காவது வால்வு ஒன்றைச் சேர்த்து, கால்சுரம் இறக்கும் டிரம்பெட்டை உருவாக்கச் செய்தார். அவருடைய மகன் இப்ராகிம் மாலூஃப், தந்தை வகுத்த அந்நான்கு வால்வுக் கருவியிலேயே உலக மேடைகளில் வாசித்துப் புகழ்பெற்றார்.