ஓர் ஓட்டத்தின் வரலாறு

கொட்டகலையிலும் அட்டனிலும் தேயிலைச் சரிவுகளுக்கிடையே அமைந்த சிறு மைதானங்களில் இயற்கையும் ஓர் அணியாக நின்று ஆடுவதுண்டு. பிற்பகலில் மூடுபனி இறங்கினால் பந்து கண்ணுக்குப் புலப்படாது. எல்லை கடந்த பந்து தேயிலைச் செடிகளுக்குள் மறைந்துவிடும். ஆட்டம் முடிந்து லயங்களுக்குத் திரும்பும் இளைஞர் வழிநெடுக ஒரே வாதத்தையே நிகழ்த்துவர். தோல்விக்குக் காரணம் தலைவனின் தீர்மானமா, அதிர்ஷ்டமா என்பதே அவ்வாதம்.

இவ்வாதம் சிறு மைதானங்களுக்கு மட்டும் உரியதன்று. மலையகத் தமிழரின் முன்னோர் கடல் கடந்து வந்த தமிழகத்தின் தலைநகரில், சேப்பாக்கம் மைதானத்தில், 1986ஆம் ஆண்டு செப்டெம்பர் 18 முதல் 22 வரை நடைபெற்ற டெஸ்ட் போட்டி அதே வினாவை உலகின் முன் வைத்தது. அன்று இந்தியாவும் அவுஸ்திரேலியாவும் மோதின.

அவுஸ்திரேலிய அணி அப்போது தாழ்ந்த நிலையில் இருந்தது. 1985இல் இங்கிலாந்திடமும், அதனையடுத்து இருமுறை நியூசிலாந்திடமும் அது தொடர்களை இழந்திருந்தது. அணித்தலைவர் அலன் போர்டருக்குத் துணையாகப் பயிற்றுநர் பொபி சிம்சன் வந்திருந்தார். களத்தடுப்பிலும் விக்கெட்டுகளுக்கிடையே ஓடுவதிலும் இளைஞர்களுக்குக் கடும்பயிற்சி அளித்தவர் அவர்.

நாணயச் சுழற்சி போர்டருக்கு வாய்த்தது. முதலில் துடுப்பெடுத்தாடிய அவுஸ்திரேலியா 7 விக்கெட் இழப்புக்கு 574 ஓட்டங்களைப் பெற்று ஆட்டத்தை இடைநிறுத்தியது. டேவிட் பூன் 122, போர்டர் 106, டீன் ஜோன்ஸ் 210. சென்னையின் வெப்பத்தில் ஜோன்ஸ் வாந்தியெடுத்தார், தசைப்பிடிப்பால் துடித்தார். இரட்டைச் சதத்தை எட்டுமுன் அவர் வெளியேற விரும்பியபோது, அவ்வாறாயின் குயீன்ஸ்லாந்திலிருந்து வந்த உறுதியான ஒருவரை அழைப்பதாகத் தலைவர் கூறினார். அச்சொல் சுட்டது, ஜோன்ஸ் நின்று ஆடினார். ஆட்டமிழந்த பின்னர் மருத்துவமனையில் அவருக்குச் சேலைன் ஏற்றப்பட்டது. தலைவரின் அத்தீர்மானம் வீரத்தை விளைத்தது என்பர். ஆனால் ஓர் உயிருக்கு ஊறு நேர்ந்திருப்பின் அதே தீர்மானத்தை உலகம் கொடுமை என்றே கூறியிருக்கும்.

இந்தியா 397 ஓட்டங்களைப் பெற்றது. தலைவர் கபில் தேவ் எடுத்த 119 ஓட்டங்களே, உடனே மீண்டும் துடுப்பெடுத்தாட வேண்டிய இழிவிலிருந்து அணியைக் காத்தன. அவுஸ்திரேலியா இரண்டாம் முறை 5 விக்கெட் இழப்புக்கு 170 ஓட்டங்களைச் சேர்த்து நான்காம் நாளை முடித்தது.

அவ்விடத்தில்தான் போர்டரின் பெருந்தீர்மானம் எழுந்தது. ஐந்தாம் நாட்காலையில் சிறிது நேரம் ஆடியிருந்தால் தோல்வி என்பதற்கே இடமிருந்திராது. அவரோ ஒரு பந்தும் ஆடாமல் இடைநிறுத்தினார். இந்தியாவுக்கு இலக்கு 348. கிடைக்கவிருந்தவை ஏறத்தாழ 87 ஓவர்கள். 1976இல் போர்ட் ஒஃப் ஸ்பெயினில் நான்காம் இன்னிங்ஸில் 406 ஓட்டங்களை எடுத்து வென்ற இந்திய அணியில் சதமடித்த சுனில் கவாஸ்கர் இங்கும் எதிரே நின்றார். ஆயினும் எதிரணிக்கு வெற்றியின் ஆசையைக் காட்டினாலன்றி அதன் விக்கெட்டுகளை வீழ்த்த இயலாது என்பதைப் போர்டர் அறிந்திருந்தார்.

ஆசை வேலை செய்தது. சென்னையின் சொந்த வீரர் ஸ்ரீகாந்த் விரைந்து 39 ஓட்டங்களை எடுத்தார். கவாஸ்கர் 90, அமர்நாத் 51. ஏழாவது விக்கெட் 331இல் வீழ்ந்தபோது தேவைப்பட்டவை 17 ஓட்டங்களே. உடல்நலம் குன்றிக் களத்தைவிட்டுச் சென்றிருந்த ரே பிரைட்டைப் போர்டர் மீண்டும் பந்துவீச அழைத்தார். அவர் சேத்தன் சர்மா, மோரே, யாதவ் ஆகிய மூவரையும் வெளியேற்றினார். 344இல் ஒன்பதாவது விக்கெட் சரிந்தது.

கடைசி ஓவரை வீசியவர், அவ்வெயிலிலும் கம்பளிச் சட்டையுடன் பந்துவீசிய கிரெக் மத்தியூஸ். தேவை நான்கு ஓட்டங்கள். இரண்டாம் பந்தில் ரவி சாஸ்திரி இரண்டு ஓட்டங்களையும், மூன்றாம் பந்தில் ஒன்றையும் எடுத்தார். எண்ணிக்கை சமமாயிற்று. ஆனால் பந்தை எதிர்கொள்ள வேண்டியவர் கடைசி வீரரான மனிந்தர் சிங். நான்காம் பந்தை அவர் தடுத்தார். ஐந்தாம் பந்து காலில் பட்டது. நடுவர் விக்ரமராஜுவின் விரல் உயர்ந்தது. பந்து முதலில் மட்டையில் பட்டதென மனிந்தர் பின்னர் வலியுறுத்தினார். இந்தியா 347, ஆட்டம் சமநிலை. விக்ரமராஜு அதன்பின் டெஸ்ட் போட்டிகளில் நடுவராக நிற்கவில்லை.

சாஸ்திரி அந்த ஓர் ஓட்டத்தை ஏன் எடுத்தார் எனப் பலர் கேட்டனர். எடுத்த கணத்தில் இந்தியா தோற்கும் வாய்ப்பு முற்றும் அழிந்தது; வெற்றிக்கு மூன்று பந்துகளும் எஞ்சின. அக்கணத்தில் அறியக்கூடியதை வைத்து நோக்கின் அது பிழையன்று. மனிந்தர் ஓர் ஓட்டம் எடுத்திருப்பின் அதனையே மதியூகம் எனப் புகழ்ந்திருப்பர்.

டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன்னர் ஒரே ஒரு போட்டியே சமநிலையில் முடிந்திருந்தது. 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் மேற்கிந்தியத் தீவுகள் நிர்ணயித்த 233 ஓட்டங்களை நோக்கி அவுஸ்திரேலியா துணிந்து ஆடியது. ஜோ சொலமன் பக்கவாட்டில் நின்று, ஒற்றைக் குச்சியே தெரிந்த நிலையில் எறிந்த பந்து விக்கெட்டைத் தகர்த்தது. அவ்வணியில் ஆடியவர் சிம்சன். சென்னையில் பயிற்றுநராக இருந்தவரும் அவரே. ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்ற கைதான் அப்பந்தை எறிந்தது. ஆயினும் அது ஓரங்குலம் விலகியிருந்தால் வரலாறு மாறியிருக்கும்.

மறு ஆண்டு, 1987 ஒக்டோபர் 9ஆம் நாள், உலகக் கிண்ணத்துக்காக அதே சேப்பாக்கத்தில் அவ்விரு அணிகளும் மீண்டும் சந்தித்தன. ஜோன்ஸ் அடித்த ஒரு பந்து நான்கு ஓட்டமெனக் கணிக்கப்பட்டது. அது ஆறு என இடைவேளையில் அவுஸ்திரேலியர் முறையிட, கபில் தேவ் இணங்கினார். 268 என்றிருந்தது 270 ஆயிற்று. இந்தியா 269 ஓட்டங்களுடன், ஒரு பந்து எஞ்சியிருக்க, ஓர் ஓட்டத்தால் தோற்றது. கடைசியாக ஆட்டமிழந்தவர் அன்றும் மனிந்தரே. அத்தொடரில் அவுஸ்திரேலியா கிண்ணத்தையே வென்றது.

கபில் தேவின் இணக்கம் பிழையா? இரண்டு ஓட்டங்கள் குறைந்திருப்பின் அனைவரும் வேறுவிதமாக ஆடியிருப்பர். முடிவை எவரும் கணித்துரைக்க இயலாது. உண்மைக்கு இசைந்தார் என்பதொன்றே உறுதி.

தலைவனும் பயிற்றுநனும் செய்யக்கூடியது அதிர்ஷ்டம் நுழையும் வாயிலைத் தெரிந்து திறப்பதே. உள்ளே வருவது எதுவென்று அவர்கள் கட்டளையிட முடியாது. ஆகவே முடிவைக் கொண்டு தீர்மானத்தை அளப்பது நீதியாகாது. மூடுபனிக்குள் பந்தைத் தவறவிட்டுத் தலைகுனிந்து திரும்பும் கொட்டகலை இளைஞனுக்கும் இந்நீதி உரியதே.