வாகுவனுக்கு இடம் கொடுத்த வீடு

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே திருநள்ளாற்றில் நல்லெண்ணெய் வாசம் எழுந்துவிடும். நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முழுகி, உடுத்தி வந்த பழந்துணியை அங்கேயே விட்டுவிட்டு, ஈரத்தலையோடு தர்ப்பாரண்யேஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் வழியில் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கித் தருவார்கள். வாங்கிக்கொள்பவர்களில் கால் இழந்தவர்கள் இருப்பார்கள், பார்வை இல்லாதவர்கள் இருப்பார்கள், மூன்று சக்கர சைக்கிளை ஓரமாக நிறுத்தி அதிலேயே உட்கார்ந்திருப்பவர்களும் இருப்பார்கள். சனி பகவானே கால் ஊனமானவர். இந்திரசித்து பிறக்கும் நேரத்தில் கிரகங்களையெல்லாம் பதினோராம் இடத்தில் நிற்கச் சொன்னானாம் இராவணன். சனி மட்டும் காலைப் பன்னிரண்டில் நீட்ட, அந்தக் காலை வெட்டிவிட்டான் என்று கதை. அதனால்தான் நடக்க முடியாதவர்களுக்குச் செய்யும் உதவி சனிக்குச் செய்யும் பரிகாரம் என்று ஜோதிடர்கள் சொல்கிறார்கள்.

பரிகாரம் முடிந்தால் பக்தர் பஸ் ஏறிவிடுவார். பொட்டலம் வாங்கியவர் அன்றிரவு எங்கே படுப்பார் என்பது அவருக்குத் தெரியாது. காவிரியின் கடைமடையில், காரைக்காலைச் சுற்றியுள்ள இந்தக் கடற்கரையில், அந்தக் கேள்விக்குக் காலம்தோறும் சொல்லப்பட்ட விடைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு நீண்ட வரலாறு கிடைக்கிறது.

திருநள்ளாற்றுக்குப் பெயர் வாங்கித் தந்த நளன் கதையிலேயே ஒரு விடை இருக்கிறது. நாட்டையும் மனைவியையும் பிரிந்து காட்டில் அலையும் நளனைக் கார்க்கோடகன் என்ற பாம்பு தீண்டுகிறது. அழகன் என்று பேர் எடுத்தவனின் உடல் கறுத்து, கைகள் குறுகி, யாருக்கும் அடையாளம் தெரியாதபடி ஆகிறது. வாகுவன் என்ற பெயரோடு அவன் அயோத்தி மன்னன் இருதுபன்னனிடம் போய் நிற்கிறான். அவனுக்குத் தேரோட்டத் தெரியும், சமைக்கத் தெரியும். மன்னன் கேட்டது அவ்வளவுதான். வாகுவனுக்கு வேலை கிடைத்தது, தங்க இடமும் கிடைத்தது. குளத்தில் முழுகி எழும் லட்சக்கணக்கானோர் நளனுக்குச் சனி விட்டதை நினைக்கிறார்கள். சனி விடும் வரை அவன் எங்கே, எப்படி வாழ்ந்தான் என்பதையும் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

காரைக்காலிலிருந்து வடக்கே தரங்கம்பாடியைத் தாண்டினால் பூம்புகார். சிலப்பதிகாரம் அந்த ஊரில் ஐந்து மன்றங்கள் இருந்ததாகச் சொல்கிறது. அவற்றில் இலஞ்சி மன்றம் ஒரு பொய்கை. கூனரும் குள்ளரும் பேச்சும் கேள்வியும் இல்லாதவரும் தொழுநோயாளரும் அதில் முழுகினால் குறை நீங்கிப் போவார்களாம். நெடுங்கல் மன்றத்தில் ஒளிவிடும் ஒரு கல் நின்றது. பித்துப் பிடித்தவரும் நஞ்சுண்டவரும் பாம்பு தீண்டியவரும் பேய் பிடித்தவரும் அதைச் சுற்றி வந்து துயர் தீர்ந்தார்களாம். அற்புதத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஒன்று மிஞ்சுகிறது: தலைநகரத்தை வருணிக்க வந்த கவிஞர், இந்த மனிதர்களுக்கென்று பொது இடம் இருந்ததை ஊரின் பெருமைகளில் ஒன்றாக எழுதியிருக்கிறார்.

மணிமேகலை இன்னும் நெருங்கிப் போகிறது. புகாரின் உலக அறவி என்ற அம்பலம், பல ஊர்களிலிருந்து பசியோடு வந்தவர்களும் பார்த்துக்கொள்ள ஆளில்லாத நோயாளிகளும் கொடுப்பவரை எதிர்பார்த்துக் கிடந்த இடம். அதே காப்பியத்தில் வரும் ஆபுத்திரன், தென்மதுரையில் சிந்தாதேவி கோயிலின் அம்பலத்தில் தங்கிப் பகலெல்லாம் வீடு வீடாகப் பிச்சை எடுக்கிறான். கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடமானவர், ஆதரவற்றவர், நோயாளி என்று எல்லாரையும் கூப்பிட்டு ஊட்டிவிட்டு மிச்சத்தைத் தான் உண்கிறான். இரவில் பிச்சை ஓடுதான் தலையணை. அவனும் அவர்களோடு ஒருவனாக அங்கேயே தூங்குகிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். பிறகு அமுதசுரபியோடு புகார் வரும் மணிமேகலை, அரசன் வரம் தரும்போது கேட்பது நிலமோ பொன்னோ இல்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தரச் சொல்கிறாள். கைதிகள் கிடந்த கட்டடத்தில் சமையல் சாலையும் உணவுச் சாலையும் துறவோர் தங்குமிடமும் எழுகின்றன. மனிதரைப் பூட்டி வைக்கும் இடம் எது, வாழ வைக்கும் இடம் எது என்ற கேள்வியை இவ்வளவு தெளிவாகக் கேட்ட பழைய நூல் வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

காப்பியத்தை விட்டுக் கல்வெட்டுக்கு வந்தால் சோழர் காலத்து ஆதுலர் சாலைகள், அதாவது நோயுற்றோருக்கான இல்லங்கள், தெரிகின்றன. தஞ்சையில் குந்தவை ஏற்படுத்திய சாலை ஒன்று. வீரராசேந்திரன் காலத்தில் திருமுக்கூடலில் பதினைந்து படுக்கைகளோடு நடந்த மருத்துவமனை இன்னொன்று. மராட்டியர் காலத்தில் அந்த இடத்துக்குச் சத்திரங்கள் வந்தன. 1801-ல் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஆங்கில ரெசிடெண்ட் டோரினுக்கு எழுதிய கடிதத்தில், சாதி பாராமல் சோறு போடுவதும், வழியில் நோயுற்றவரைக் குணமாகும் வரை வைத்துப் பார்ப்பதும், அநாதைப் பிள்ளைகளைக் காப்பதும் தம் குலத்தின் அறம் என்று வாதாடுகிறார். நல்ல மனம்தான். ஆனால் சத்திரம் வழிப்போக்கருக்கானது. குணமானவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். குணமாகாத உடலோடு, வாழ்நாள் முழுக்க ஓரிடத்தில் இருந்தாக வேண்டியவருக்கு அங்கே இடமில்லை.

அந்தக் காலத்துக் கலையும் அப்படித்தான் நினைத்தது. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் நொண்டி நாடகம் என்றே ஒரு வகை தமிழில் செழித்தது. திருச்செந்தூர் நொண்டி நாடகம், சீதக்காதி நொண்டி நாடகம் என்று பல. களவு செய்து காலை இழந்தவன் தன் கதையைத் தானே பாடுவான். கடைசியில் தெய்வ அருளால் கால் வளரும், நாடகம் முடியும். கால் வளராவிட்டால் அவன் கதை என்ன ஆகும் என்று எழுத எந்தப் புலவருக்கும் தோன்றவில்லை.

காரைக்காலுக்குத் தெற்கே நாகூர். சாகுல் ஹமீது ஆண்டகை அடங்கிய தர்காவின் உயர்ந்த மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். மனம் குழம்பியவர்களைச் சாதி மதம் பாராமல் கூட்டி வந்து, தர்காவை ஒட்டியே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்க வைப்பது இப்பகுதியில் நெடுநாள் வழக்கம். கூட அம்மாவோ அண்ணனோ இருப்பார்கள். வேறெங்கும் உட்கார விடாத பிள்ளையை அங்கே யாரும் விரட்ட மாட்டார்கள் என்பதே குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல். இதைக் குருட்டு நம்பிக்கை என்று தள்ளுவது எளிது. ஆனால் திண்டுக்கல் பக்கம் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலை ஆராய்ந்த மனநல மருத்துவர்கள் 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியது வேறு. அங்கே சராசரியாக ஆறு வாரம் தங்கிய 31 பேரின் நோய்க்குறிகள் ஏறக்குறைய இருபது சதவீதம் குறைந்திருந்தன. மருந்து கிடையாது, பெரிய சடங்கும் கிடையாது. பயமுறுத்தாத, ஆதரவான ஓர் இடம் இருந்தது. தங்குமிடமே சிகிச்சையில் ஒரு பாதி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. அந்த ஆட்சி விட்டுச் சென்றவற்றில் இங்கே பேச வேண்டியது ஓய்வூதியம். போரில் உடல் ஊனமான வீரருக்கு அரசு ஈடு செய்வது அவருடைய உரிமை என்று 1919 மார்ச் 31-ம் தேதிச் சட்டத்தில் பிரான்ஸ் எழுதிக் கொடுத்தது. முதல் உலகப் போருக்குப் பிரெஞ்சிந்தியாவிலிருந்தும் ஆட்கள் போயிருந்தார்கள். இன்றும் காரைக்காலில் ‘சொல்தா’ குடும்பம் என்றால் பிரெஞ்சு ஓய்வூதியம் வரும் வீடு என்று எல்லாருக்கும் தெரியும். மாதா மாதம் உரிமையாக வரும் பணம் ஒரு மனிதரின் தலையை எப்படி நிமிர்த்துகிறது என்பதைக் கண்ணால் பார்த்த ஊர் இது.

அரசு ஒதுங்கி நின்றால் தங்குமிடம் என்னவாகும் என்பதை இதே தமிழ்க் கடற்கரையின் இன்னொரு ஊர் காட்டியது. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவுக்கு வந்த மனநோயாளிகளைக் காசு வாங்கிக்கொண்டு வைத்திருந்த தனியார் காப்பகங்களில் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே 43 பேர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் பலரால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். ஒரே வாரத்தில் அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது. குற்றவாளிகளுக்குத் தண்டனையும் கிடைத்தது. ஆனால் அந்த 43 பேரையும் அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் இல்லை. பணமும் தெம்பும் தீர்ந்துபோன தாய் தகப்பன்மார், அண்ணன் தம்பிகள். வேறு இடம் இல்லாததால் வந்தவர்கள்.

வேறு இடம் உண்டாக்க முடியும் என்று தமிழ்நாட்டிலேயே சிலர் காட்டியிருந்தார்கள். வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் 1951-ல் தொடங்கிய நவஜீவ நிலையத்தில், தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு அறுவை செய்துகொண்டவர்கள் மண் குடிசைகளில் தங்கிக் கைத்தொழில் கற்றார்கள். பிராண்ட் பணியாற்றிய மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார், நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதையும், புண் வராமல் உடம்பைப் பார்த்துக்கொள்வதையும், பிழைப்புக்கு ஒரு தொழிலையும் அங்கே கற்று வீடு திரும்பினார்கள். தென்காசி அருகே ஆய்க்குடியில், கடற்படைத் தேர்வின்போது 1975-ல் கழுத்தெலும்பு முறிந்து கை கால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார்.

சென்னையில் 1993-ல் தொடங்கிய பேன்யன் அமைப்பு, தெருவில் அலைந்த மனநலம் குன்றிய பெண்களுக்குப் புகலிடமாக ஆரம்பித்தது. குணமாகியும் வீட்டார் ஏற்காதவர்கள் ஆண்டுக்கணக்கில் விடுதியிலேயே தங்கிவிடுவதைப் பார்த்து, 2015 முதல் வேறு வழியை எடுத்தது. சாதாரணத் தெருவில் சாதாரண வீடு ஒன்றை வாடகைக்கு எடுப்பார்கள். நாலைந்து பேர் சேர்ந்து குடியிருப்பார்கள். உதவிக்கு ஒரு பராமரிப்பாளர். காலையில் யார் காபி போடுவது, இன்றைக்கு மீன் வாங்குவதா காய் வாங்குவதா, டிவியில் எந்தச் சீரியல் என்பதெல்லாம் அவர்களே பேசி முடிவு செய்வது. ஒருவர் வேலைக்குப் போவார், இன்னொருவர் வாசலில் கோலம் போடுவார், பக்கத்து வீட்டுப் பெண் கருவேப்பிலை கேட்டு வருவார். நூறு படுக்கை போட்ட கட்டடத்தில் எவ்வளவு அன்பு இருந்தாலும் இது கிடைக்காது.

சட்டமும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. மாற்றுத்திறனாளி இன்ன இடத்தில்தான் தங்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது 2016-ம் ஆண்டு உரிமைச் சட்டம். வீட்டார் ஏற்கவில்லை என்பதற்காகவோ, வெளியே வசதி இல்லை என்பதற்காகவோ ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்றும், அந்த வசதியைச் செய்து தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். சங்கிலி போடுவதையும் அது தடை செய்கிறது. இருந்தும், நாட்டின் 43 அரசு மனநல மருத்துவமனைகளில் தேசிய அளவில் நடந்த ஆய்வொன்று, உள்ளே இருப்பவர்களில் 36 சதவீதம் பேர் ஓராண்டுக்கு மேல் அங்கேயே தங்கியவர்கள் என்று கண்டது.

காரைக்காலுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 160 சதுர கிலோமீட்டர், 2011 கணக்குப்படி இரண்டு லட்சம் மக்கள். சுற்றிலும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். யூனியன் பிரதேசத் திட்டம் என்றால் தலைமையிடம் நூற்று முப்பது கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரியில். எல்லைக்கு அந்தப் பக்கம் நாகப்பட்டினத்திலும் மயிலாடுதுறையிலும் நடக்கும் தமிழ்நாடு அரசின் திட்டங்கள் இந்தப் பக்கத்து ரேஷன் கார்டுக்குச் சேராது. ஜிப்மர் கிளை 2016-ல் வந்தது பெரிய வரம். ஆனாலும் மருத்துவமனை வீடாகாது. முப்பது வயது மகனைத் தினமும் குளிப்பாட்டிச் சோறு ஊட்டும் எழுபது வயதுத் தாய் கேட்பது ஒன்றே ஒன்று: “நான் போயிட்டா இவனை யார் பாத்துக்குவா?”

அந்தத் தாய்க்குப் பதில் சொல்லப் பெரிய கட்டடம் தேவையில்லை. நகராட்சியும் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் கொண்ட சின்ன ஊர் இது. ஒவ்வொன்றிலும் ஒரு வாடகை வீடு, நாலு பேர், முறையான சம்பளம் வாங்கும் ஒரு பராமரிப்பாளர் என்று தொடங்கினால் போதும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒன்றுகூடி மனு எழுதட்டும், சட்டப் பிரிவுகளைக் குறிப்பிட்டே எழுதட்டும். சனிக்கிழமைப் பொட்டலத்துக்குச் செலவிடுவோர் அந்த வாடகையில் ஒரு பங்கை ஏற்கட்டும். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு கேட்டு வந்தால், மறுப்புச் சொல்லாமல் வாடகைக்குக் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரராக இருங்கள்.