இசைத்தட்டு மறுவெளியீடும் சேகரிப்பும்: கரிசல் வட்டாரம்

முற்காலத்தில் வெளியாகிப் பிரசித்தி பெற்ற ஓர் ஒலிப்பதிவை, அதன் தாய்த்தகட்டிலிருந்தோ மூல நாடாவிலிருந்தோ, அவை இரண்டும் கிட்டாதபோது எஞ்சி நிற்கும் நல்லதொரு பிரதியிலிருந்தோ மீண்டும் எடுத்து, காலம் அதன்மேல் ஏற்றிய மாசினைக் களைந்து, புதிய உருவத்தில் ரசிகர்களுக்கு அளிப்பது மறுவெளியீடு எனப்படும். ஒலியைச் செப்பனிடும் அந்த வேலைக்கு ‘ரீமாஸ்டர்’ என்னும் பெயரும், ஒத்திகைப் பதிவுகள், கைவிடப்பட்ட பாடங்கள், படங்கள், குறிப்பு நூல் ஆகியவற்றையும் சேர்த்துப் பேழையாக விற்கும் முறைக்கு ‘டீலக்ஸ் பதிப்பு’ என்னும் பெயரும் உலகெங்கும் வழங்குகின்றன. 1982-இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தபின் மேலை நாட்டு ராக் இசையில் இவ்வழக்கம் பெருகியது. பீட்டில்ஸ் குழுவினரின் தொகுப்புகள் அனைத்தும் 2009 செப்டம்பர் 9 அன்று ஒரே நாளில் செப்பனிட்ட வடிவில் வெளியானதும், அவர்களது ‘சார்ஜண்ட் பெப்பர்’ தொகுப்பு ஐம்பதாம் ஆண்டு நிறைவில், 2017-இல், ஜைல்ஸ் மார்ட்டினின் புதிய ஒலிக்கலவையோடும் ஒத்திகைப் பதிவுகளோடும் பேழையாக வந்ததும் இம்மரபின் உச்சங்களாகக் கருதப்படுகின்றன.

அந்த மேலை நாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி அலையும் அபூர்வப் பொருள்களுள் ஒன்று நம் தேசத்தில் செய்யப்பட்டது என்பது இங்கே நினைக்கத்தக்கது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும், நிமிஷத்துக்கு 78 முறை சுழலும் தட்டு வழக்கொழிந்துவிட்ட பின்னரும், சாவி கொடுத்து இயக்கும் பெட்டிகள் இந்திய வீடுகளில் மிகுதியாக இருந்தமையால், 1960களின் நடுப்பகுதியில் பீட்டில்ஸ் பாடல்கள் இங்கே அரக்குத் தட்டுகளாகவே வார்க்கப்பட்டு விற்பனையாயின. மரத்தில் வாழும் பூச்சியின் அரக்கையும் கல்மாவையும் கரியையும் பிசைந்து செய்த ஒரு தட்டில் மின்சாரக் கிதார் ஒலிப்பது பிற நாடுகளில் பெரும்பாலும் காணக் கிடைக்காத காட்சியாதலால், கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையிலிருந்து வந்த அத்தட்டுகள் இன்று பெரும் விலை பெறுகின்றன.

தமிழகத்தில் தோற்றம்

இந்தியாவில் இசைத்தட்டின் சரித்திரம் 1902 நவம்பரில், கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜான் முதலியோரின் குரலைப் பதிவு செய்ததிலிருந்து கணக்கிடப்படுகிறது. 1908-இல் அந்நகரின் சியால்டா பகுதியில் ஆலை தோன்றியதும், தட்டுகள் அயல்நாடு சென்று அச்சாகித் திரும்ப வேண்டிய அவசியம் நீங்கிற்று. அக்காலத்தில் பாடகர் ஒரு பெரிய கூம்பின் வாய்க்கு எதிரே நின்று உரத்துப் பாட, அந்த அதிர்வு ஓர் ஊசியின் வழியே மெழுகுத் தகட்டில் கோடாகப் பதிந்தது. 1925-ஆம் ஆண்டையொட்டி மைக்கும் மின்சாரமும் வந்தபின்னரே மென்மையான குரல்களுக்கும் தம்புராவின் ரீங்காரத்துக்கும் தட்டில் இடம் கிடைத்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயதுச் சிறுமியாக முதல் தட்டுப் பாடிய 1926-ஆம் ஆண்டு இம்மாறுதலின் வாயிலில் நிற்கிறது. 1930களில் நாடக மேடையின் பாடல்களும் பேசும் படத்தின் பாடல்களும் தட்டு வியாபாரத்தைப் பெருக்கின. அவ்வியாபாரத்தில் ஓடியன் தட்டுகளை விற்ற சரஸ்வதி ஸ்டோர்ஸின் பங்கு பெரிது. அந்த நிலையத்தின் பங்காளிகளுள் ஒருவரே பிற்காலத்தில் திரைப்பட நிலையம் கண்ட ஏ.வி. மெய்யப்பச் செட்டியார்.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சிறிது மேலும், பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிஷத்துக்குச் சிறிது மேலும்தான் ஓடும். ஆதலின் நாழிகைக் கணக்கில் ராகம் விரித்த வித்வான்கள், அதன் சாரத்தைச் சில நிமிஷங்களுக்குள் பிழிந்து தரும் புதியதொரு கலையைப் பயின்றார்கள். அந்தச் சுருக்கத்தைக் குறைபாடு என்று எண்ணுவோர் உளர். ஒரு சொல்லைக்கூட வீணாக்காத செய்யுளைப் போன்று அதுவும் ஒரு பூரண வடிவமே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

கரிசல் சீமையில் தட்டு வந்த வழி

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் ஆகிய ஊர்களைத் தன்னுள் அடக்கிய கரிசல் வட்டாரம், மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் விதைத்து வாழும் வானம் பார்த்த பூமியாயினும், இசை அபிமானத்தில் வறண்ட பூமி அன்று. முத்துசுவாமி தீட்சிதரின் குடும்ப மரபு எட்டயபுரம் சமஸ்தானத்தில் பேணப்பட்டது. அவ்வூரில் இருந்த சுப்பராம தீட்சிதர் 1904-இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை வெளியிட்டார். நாகஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் கோவில்பட்டியில் குடியேறி வாழ்ந்தார். அருகிலுள்ள இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் எழுத்துக்கு நிகராகச் சங்கீதத்தையும் நேசித்தார்கள்.

இத்தகைய சீமையிலும் கிராமபோன் பெட்டி வசதி படைத்த வீடுகளுக்கே உரியதாயிருந்தது. ஏனையோருக்குத் தட்டு அறிமுகமானது மைக்செட்டின் மூலமாகவே. கோயில் கொடை, கலியாணம், சடங்கு, காதுகுத்து என எந்த விசேஷமாயினும், வேப்பமரத்து உச்சியில் குழாயைக் கட்டி, மரப்பெட்டி நிறையத் தட்டுகளோடு வந்து அமரும் மைக்செட்காரரே அவ்வூருக்கு அன்றைய இசைக் களஞ்சியமாவார். தோட்டத்தில் களை பறிப்போரும் கிணற்றடியில் நிற்போரும், யார் வீட்டு விசேஷம் என்பதை அறியாமலே, தொலைவிலிருந்தே பாட்டைக் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். பாட்டுக்கு நிகராகக் கதைவசனத் தட்டுகளும் இங்கே ஆட்சி புரிந்தன. சக்தி கிருஷ்ணசாமி வசனமெழுதி, பி.ஆர். பந்துலு இயக்கி, சிவாஜி கணேசன் நடித்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959-இல் வெளியாகி, அதன் வசனங்கள் தட்டில் வந்தபோது, கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இருந்த மண்ணுக்கு அருகேயுள்ள புதியம்புத்தூர் போன்ற ஊர்களில் அதைக் கேட்பது தம் பாட்டன் கதையைக் கேட்பதாகவே இருந்தது. இப்படமே 2015 ஆகஸ்டில் டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு மறுபடி திரையிடப்பட்டது. பந்துலுவின் ‘கர்ணன்’ 2012-இல் அவ்வாறு புதுப்பிக்கப்பட்டுப் பெற்ற வரவேற்பு இதற்கு வழிகாட்டிற்று.

மற்றொரு வாயில் இலங்கை வானொலி. தூத்துக்குடிக் கரையை ஒட்டிய ஊர்களில் அந்நிலையத்தின் ஒலி தெளிவாகக் கேட்டது. ஆயத்த ஆடைத் தொழிலால் இன்று பெயர் பெற்றிருக்கும் புதியம்புத்தூரைப் போன்ற தையல் ஊர்களில், மெஷின் ஓசையின் நடுவே நாள் முழுதும் ஒலிப்பதற்கு வானொலியை விடப் பொருத்தமான துணை வேறில்லை. எஸ்.பி. மயில்வாகனன் முதலிய அறிவிப்பாளர்கள் பாட்டுக்கு முன் படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், இயற்றியவர் என்னும் விவரங்களைச் சொல்லியே தட்டைச் சுழலவிட்டமையால், ஒரு தட்டைக் கூடக் கையால் தொட்டிராத எளிய ரசிகரும் ஒரு சேகரிப்பாளருக்கு வேண்டிய அறிவைப் பெற்றார். இவ்வறிவே பிற்காலத்துத் தேடலுக்கு வித்து என்று கருத இடமுண்டு.

உரிமையும் மறுவெளியீடும்

மறுவெளியீட்டின் வரலாறு உரிமையின் வரலாறும் ஆகும். எட்டயபுரத்தில் பிறந்த பாரதியின் பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை, கவியின் மறைவுக்குப் பின் தனியாரிடம் விலைபோய், கைமாறி மெய்யப்பச் செட்டியாரை அடைந்தது. அவர் தயாரித்த ‘நாம் இருவர்’ 1947-இல் டி.கே. பட்டம்மாளின் குரலில் அப்பாடல்களை நாடெங்கும் பரப்பியது. 1949-இல், பாரதி பாடல்கள் பொதுச்சொத்தாக வேண்டும் என்ற கிளர்ச்சியை அடுத்து, சென்னை அரசு உரிமைகளை மேற்கொண்டபோது, அவர் தம்மிடமிருந்ததைப் பொருள் ஏதும் பெறாது அளித்தார். இவ்வாறு விடுதலை பெற்ற பாடல் மிகச் சில. ஏனையவை இன்றும் கம்பெனிகளின் பெட்டகத்தில் உள்ளன. கிராமபோன் கம்பெனி 2000-ஆம் ஆண்டில் சரிகம என்று பெயர் மாற்றிக்கொண்டது. எல்.பி. ரெக்கார்டு, கேசட், குறுந்தகடு, பழம்பாடல்களை உள்ளே ஏற்றி 2017-இல் வந்த காரவான் பெட்டி எனக் காலந்தோறும் அதே பொக்கிஷம் வேறு வேறு உடை உடுத்து வருகிறது.

இவற்றுள் கேசட்டுக் காலம் விசேஷமானது. 1980களில் ஊர்தோறும் தோன்றிய ரெக்கார்டிங் சென்டர்களில், ரசிகர் எழுதிக் கொடுத்த பட்டியலின்படி எல்.பி.யிலிருந்து பாடல்களை எடுத்து அறுபது அல்லது தொண்ணூறு நிமிஷக் கேசட்டில் பதிந்து கொடுத்தார்கள். கம்பெனி தொகுத்ததை வாங்கியவர் வாடிக்கையாளர். தம் ரசனையின் வரிசையில் தாமே தொகுத்துக்கொண்டவரோ தொகுப்பாசிரியர். இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்?’ போன்ற எண்பதுகளின் எல்.பி.க்களை இன்று தேடுவோரில் பலர் அக்கேசட்டுகளில் காது பழகியவர்களே.

வேகமும் சுருதியும்

மறுவெளியீட்டின் உயிர்நிலை வேகத்திலும் சுருதியிலும்தான் இருக்கிறது. பழந்தட்டைப் புதுக்குவோர் பெரும்பாலும் அதன் கரகரப்பையே பகையாகக் கருதுகின்றனர். அதனினும் பெரிய பகை வேகப் பிழை. 78 என்பது காலப்போக்கில் நிலைபெற்ற எண்ணே. மின்சாரப் பதிவுக்கு முந்திய தட்டுகள் எழுபதுக்கும் எண்பதுக்கும் மேல் கீழாகப் பல வேகங்களில் பதியப்பட்டன. வேகம் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். குரலின் கனம் குறையும். கமகம் துடிப்பாக மாறும். 27 வயதில், 1933-இல் மறைந்த செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவை நமக்குக் காட்ட எஞ்சியிருப்பவை தட்டுகளே. மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்கும் எட்டப் பாடிய அவரது உச்சஸ்தாயி உலகறிந்தது. அத்தகைய குரல் தவறான வேகத்தில் மேலும் ஏறி ஒலித்தால், கேட்பவர் அதனைப் பிழையென்று ஐயுறாமல் அவருடைய பிரதாபத்தின் பகுதியாகவே ஏற்றுக்கொள்வார். பிழை புகழோடு கலந்துவிடுமிடத்தில் திருத்துவோர் இரட்டிப்பு எச்சரிக்கையோடு இருத்தல் வேண்டும்.

கரகரப்பை நீக்குவதற்கும் எல்லையுண்டு. இரும்பு முள் பலமுறை உழுத தட்டில் பள்ளத்தின் ஒரு பகுதி தேய்ந்து, மற்றொரு பகுதி தேயாமல் நிற்கும். 78 தட்டின் பள்ளம், எல்.பி.யின் பள்ளத்தை விட ஏறத்தாழ மூன்று மடங்கு அகலமானது. ஆகவே எல்.பி.க்குரிய மெல்லிய முள்ளை அதில் வைத்தால் அடிமட்டத்துக் குப்பையையே அது வாசிக்கும். பல அகலமுள்ள முட்களை மாற்றி மாற்றி வைத்து, தேயாத சுவர் எதுவோ அதில் முள் படியும்படி செய்வதே முதல் சிகிச்சை. கணினியால் துடைப்பது அதற்குப் பிற்பட்டது. துடைப்பதில் ஆசை மிகுந்தால் கரகரப்போடு தம்புராவின் ரீங்காரமும் மிருதங்கத்தின் சாப்பு ஒலியின் நுனியும் சேர்ந்து போய்விடும். எஞ்சுவது தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போன்றதொரு குரல். இப்படிப்பட்ட மறுவெளியீடுகள் பல சந்தையில் உள்ளன. அவற்றை விட, இரைச்சலோடு கூடிய நேர்மையான பிரதி மேலானது.

தாய்த்தகடு கிடைக்காதபோது இவ்வேலைக்கு ஆதாரமாவது சேகரிப்பாளரின் பிரதி. சென்னையின் வி.ஏ.கே. ரங்கா ராவ் பல்லாயிரம் 78 தட்டுகளைத் திரட்டிப் பேணியதும், 1990-இல் மும்பையில் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தட்டு விவரங்களை வெளியிட்டு வந்ததும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ் நூல்களோடு இசைத்தட்டுகளையும் காப்பதும் இத்துறையின் தூண்கள். தட்டின் நடுவே, லேபிளை ஒட்டிப் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணைச் சேகரிப்பாளர் முதலில் பார்ப்பார். ஒரே பாடலை இருமுறை பாடிப் பதிந்திருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது அந்த எண்ணே.

மேலை நாட்டு டீலக்ஸ் பேழையில் ஒத்திகைப் பதிவுகள் வகிக்கும் இடத்தை, நம்மிடையே கச்சேரி நாடாக்கள் வகிக்கின்றன. காருகுறிச்சியார் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடரான அவரை, 1962-இல் வெளியான ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்த ஆபேரி ராகப் பாடல் தமிழகமெங்கும் அறிமுகம் செய்தது. 1964-இல் அவர் காலமானார். அப்பாடல் ஓயாது மறுவெளியீடு காண, அவருடைய விரிவான வாசிப்போ ஸ்பூல் நாடாக்களில் தங்கி, நாடாவிலிருந்து கேசட்டாகவும் கேசட்டிலிருந்து கணினிக் கோப்பாகவும் ரசிகர் கைகளிலே பிழைத்து வந்தது. மின்னோட்டம் நிலையாயிராத ஊர்களில் பதிவுக் கருவியின் வேகம் தளர்வதும், ஒவ்வொரு பிரதியிலும் அப்பிழை வளர்வதும் இயல்பு. இங்கே ஒரு நற்பேறு வாய்த்திருக்கிறது. குரல் நாளுக்கு நாள் மாறக்கூடும். நாகஸ்வரமோ ஆச்சாமரத்தில் இத்தனை நீளமென்று கடைந்தெடுத்த கருவி. ராஜரத்தினம் பிள்ளை பரப்பிய பாரி நாயனத்தின் சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டையை ஒட்டியே நிற்கும். ஆகவே புதுக்க முற்படுவோர், அதே நாயனத்தை இன்றும் வாசிக்கும் வித்வான் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, அவர் ஆதார ஷட்ஜத்தை ஊத, அதனோடு ஒத்திசையும் வரையில் நாடாவின் வேகத்தைச் சிறிது சிறிதாக இறக்கியும் ஏற்றியும் நிறுத்துவதே தக்க வழியாகும்.